வெளிநாட்டுத் துணையோட கல்யாணமா? இந்த 3 கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க!



கல்யாணம் பதிவு பண்ணியாச்சு. பேங்க்ல ஜாயின்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ணலாம், மியூச்சுவல் ஃபண்ட்ல துணை பேரையும் சேர்க்கலாம்னு கிளம்பிட்டீங்க. ரெண்டு பேரும் இந்தியர்னா பிரச்சினை இல்லை. ஆனா உங்க துணை வேற நாட்டுக் குடிமகன் அல்லது குடிமகள்னா, கொஞ்சம் நில்லுங்க.

இந்தக் கட்டுரையில அமெரிக்கக் குடியுரிமை உள்ள துணையை மட்டும் எடுத்துக்கலாம். ஏன்னா, பெரும்பாலான நாடுகள் ஒருவர் எங்கே வசிக்கிறார்னு பார்த்துதான் வரி போடும். அமெரிக்காவோ தன் குடிமக்கள் சென்னையில இருந்தாலும் உலகம் முழுக்க வர்ற வருமானத்தைக் கணக்குக் கேட்கும்.

முதல்ல ஒரு நல்ல செய்தி

கல்யாணம் ஆனதால மட்டும் உங்க வரி மாறாது. இந்தியாவில கணவன், மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் முறையே கிடையாது. உங்க சம்பளம், உங்க பான், உங்க ரிட்டர்ன். அவ்வளவுதான். கல்யாணப் பதிவேட்டுல போட்ட கையெழுத்தால ஒண்ணும் ஆகாது. அதுக்கப்புறம் போடுற மூணு கையெழுத்துலதான் சிக்கல் இருக்கு.

கையெழுத்து 1: ஜாயின்ட் அக்கவுன்ட்

உங்க சம்பள அக்கவுன்ட்லயும் எஃப்டி-லயும் துணை பேரைச் சேர்க்கிறீங்கன்னு வச்சுக்குவோம். அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டுல இருக்கிற எல்லா கணக்குகளையும் கூட்டி, வருஷத்துல ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், எஃப்பார்னு ஒரு அறிக்கை கொடுக்கணும். டாலர் 90 ரூபாய்னு வச்சா, அது 9 லட்சம். பணம் முழுக்க உங்க சம்பாத்தியமா இருந்தாலும், ஜாயின்ட் கணக்குன்னா முழுத் தொகையும் அவங்க கணக்குலதான் காட்டணும். தெரியாம விட்டாலும் 10,000 டாலருக்கு மேல அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. உங்க பேர்ல மட்டும் இருக்கிற, அவங்களுக்குக் கையெழுத்து அதிகாரமோ பங்கோ இல்லாத அக்கவுன்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போ திருப்பிப் பாருங்க. அவங்களோட அமெரிக்க அக்கவுன்ட்ல உங்க பேரைச் சேர்த்தாங்கன்னா, சிக்கல் உங்க பக்கம் வரும். இனிமே ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2-ல வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பணும். அது நிதியாண்டுக் கணக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் வருஷக் கணக்கு. காட்டாம விட்டா கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா, 2024 அக்டோபர்ல இருந்து இந்த அபராதத்துக்கு விலக்கு உண்டு. ஆனா காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கு.

கையெழுத்து 2: அமெரிக்காவுக்கு ஜாயின்ட் ரிட்டர்ன்

"சேர்ந்து போட்டா வரி குறையும்"னு யாராவது சொல்வாங்க. பாதி உண்மை. 2025 வருமானத்துக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனியா போட்டா 15,750 டாலர், சேர்ந்து போட்டா 31,500 டாலர்.

ஆனா அந்தக் கையெழுத்தைப் போட்ட உடனே, வருமான வரியைப் பொறுத்தவரை அமெரிக்கா உங்களையும் தன் நாட்டுல வசிக்கிறவரா எடுத்துக்கும். உங்க இந்தியச் சம்பளம், எஃப்டி வட்டி, ஃபண்ட் லாபம் எல்லாமே அங்கே போகும். தகுதி இருந்தா வெளிநாட்டுச் சம்பளத்துல 130,000 டாலர் வரை (2025) விலக்கு கேட்கலாம். வட்டிக்கும் ஃபண்ட் லாபத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. இங்கே கட்டின வரியைக் கழிச்சுக்கலாம்தான். ஆனா புதிய வரி முறையில 12 லட்சம் வரை ரிபேட்ல உங்க வரி பூஜ்யம்னா, கழிக்க என்ன இருக்கு?

இன்னொண்ணு. இந்தத் தேர்வை ஒருமுறை ரத்து பண்ணிட்டா, அதுக்கப்புறம் ரெண்டு பேருமே மறுபடி இதை எடுக்க முடியாது. அதனால ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு முடிவெடுங்க.

கையெழுத்து 3: துணை பேர்ல மியூச்சுவல் ஃபண்ட்

நமக்கு எஸ்ஐபி நல்ல பழக்கம். ஆனா இந்திய மியூச்சுவல் ஃபண்ட்களை அமெரிக்கா பொதுவா பிஃபிக்னு ஒரு தனி வகையில வைக்குது. வரி கடுமை, பொதுவா ஒவ்வொரு ஃபண்ட்டுக்கும் தனி ஃபார்ம், ஆடிட்டர் கட்டணமும் ஏறும். அதனால உங்க எஸ்ஐபி உங்க பேர்லயே போகட்டும். துணையை நாமினியா மட்டும் போடுங்க.

வீட்டிலிருந்தே அமெரிக்க வேலையா?

துணை உங்களோட சென்னையில உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்த்தா, "சம்பளம் அங்கேதானே வருது"ன்னு விட்டுடாதீங்க. வேலை இந்தியாவில நடந்தா, அந்தச் சம்பளம் இந்தியாவில சம்பாதிச்சதாத்தான் கணக்கு. கம்பெனி இங்கே டிடிஎஸ் பிடிக்காது. அதனால பான் எடுத்து, அட்வான்ஸ் டாக்ஸை நீங்களே கட்டணும். அந்த விசாவுல வேலை செய்ய அனுமதி இருக்கான்னும் முதல்ல பாருங்க.

மறக்காம போட வேண்டிய கையெழுத்து

இத்தனை தடவை "நில்லுங்க"ன்னு சொன்னேன். ஒரு இடத்துல மட்டும் ஓடுங்க: இபிஎஃப் நாமினேஷன்.

கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர்லயோ அப்பா பேர்லயோ போட்ட நாமினேஷன், இபிஎஃப் விதிப்படி கல்யாணம் ஆனதும் செல்லாது. புதுசா போடணும். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, மொழி தெரியாத ஊர்ல உங்க துணை ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது இல்லையா? போர்ட்டல்ல சிக்கல் வந்தா உங்க ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. கையோட கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ்லயும் பேரைச் சேர்த்துடுங்க.

அமெரிக்காவோட நமக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில இல்லை. அதனால உங்க பிஎஃப் வருஷமும் அவங்க சோஷியல் செக்யூரிட்டி வருஷமும் ஒண்ணாச் சேராது. ஓய்வுகாலத்துக்கு ரெண்டு கணக்கையும் தனித்தனியாத்தான் திட்டமிடணும்.

ஓசிஐ கார்டுக்கு, பதிவான திருமணம் தொடர்ந்து 2 வருஷம் நீடிச்சிருக்கணும். அதனால பதிவைத் தள்ளிப் போடாதீங்க.

இந்த வாரக் கடைசியில செய்ய வேண்டியது

ரெண்டு பேரும் ஒரு பேப்பரோட உட்காருங்க. எந்தெந்த அக்கவுன்ட், யார் பேர்ல, எந்த நாட்டுல, எவ்வளவுன்னு எழுதுங்க. துணை இந்தியாவில இருக்கிற நாட்களையும் குறிச்சுக்கோங்க. நிதியாண்டுல 182 நாள் ஆயிட்டா, அவங்களும் இங்கே வரிச் சட்டப்படி ரெசிடென்ட். அந்த ஒரு பேப்பரோட ரெண்டு நாட்டு வரியும் தெரிஞ்ச ஆடிட்டரைப் பாருங்க. அதுக்கப்புறம் பேனாவை எடுங்க.

வாழ்க்கையைச் சேர்த்துக்கோங்க. அக்கவுன்ட்டைக் கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கலாம்!