கடையையும் கிடங்கையும் இணைக்கும் ரூட்டர்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி, பேரேடு ஆகிய நான்கும் ஒழுங்காக இருந்தால் மளிகை வியாபாரம் தடையின்றி நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் கைப்பேசி வழியாகப் பணம் பெறுவது எல்லாமே இணையத் தொடர்பை நம்பி நிற்கின்றன. 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் பதிவு பெற்ற வணிகர்களுக்கு விற்கும்போது மின்னணு விலைப்பட்டியல் எடுப்பது 2023 ஆகஸ்டு முதல் கட்டாயமாயிற்று. ஆகவே தொடர்பு அறுந்தால், மூட்டை ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும். கூலி ஏறும், வாங்குபவர் வேறு கடையைப் பார்ப்பார்.

இந்தத் தொடர்பைக் கட்டிக் காக்கும் கருவிதான் ரூட்டர். கடை, கிடங்கு, கிளை என்று இரண்டு மூன்று இடங்களில் தொழில் செய்யும் நம் வணிகர்கள் பலரிடம் நிறுவனங்களுக்கான பெரிய ரூட்டர்களை வாங்கச் சொல்லிப் பலரும் வருகிறார்கள். வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பராமரிப்பது என்பதை இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

யாருக்குத் தேவை?

ஒரே கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கியூ.ஆர். அட்டை என்ற அளவில் நடத்துபவர்களுக்கு இது தேவையில்லை. இணைய நிறுவனம் தரும் சிறிய பெட்டியே போதும். கடையும் கிடங்கும் வெவ்வேறு இடத்தில் இருந்து, ஒரே இருப்புக் கணக்கை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியவர்களுக்கும், ஒரு மணி நேரம் தொடர்பு நின்றாலும் நட்டப்படும் மொத்த வியாபாரிகளுக்கும்தான் இது பயன்படும்.

அஞ்சறைப்பெட்டி போன்ற அமைப்பு

இவ்வகை ரூட்டரை 'மாடுலர்' என்பார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். பெட்டி ஒன்றுதான், கிண்ணத்தில் எதைப் போடுவது என்பது நம் விருப்பம். எடுத்துக்காட்டாக, சிஸ்கோ நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட 2900 வரிசையில் 2911 என்ற ரூட்டரைப் பார்ப்போம். அதில் மூன்று கிகாபிட் இணைப்புத் துளைகள் உடன் வரும். இவற்றைத் தவிர, சிறிய அட்டைகள் செருக நான்கு இடங்களும், பெரிய அட்டைக்கு ஓர் இடமும் உண்டு. தொலைபேசி வயர் வழி இணையம் என்றால் அதற்கு ஓர் அட்டை. 4ஜி சிம் போடுவதற்கு ஓர் அட்டை. கூடுதல் கம்ப்யூட்டர்களை இணைக்க ஓர் அட்டை. தொழில் வளர வளர அட்டையைச் சேர்த்துக் கொள்ளலாம். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் எல்லா அட்டையும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது. 2911-இல் செருகும் சிறிய அட்டைகளை, அதற்குப் பின் வந்த 4000 வரிசையில் செருக முடியாது. ஆகவே அட்டையின் எண்ணையும் பெட்டியின் எண்ணையும் எழுதிக் கேட்டுச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வணிகருக்குக் கிடைக்கும் நன்மைகள்

முதலாவது, இரண்டு வழித் தொடர்பு. ஃபைபர் லைன் அறுந்தால் ரூட்டர் தானாகவே 4ஜிக்கு மாறும்படி அமைக்கலாம். இரண்டாவது, முன்னுரிமை. பில்லும் பணப் பரிமாற்றமும் முதலில் போக, கண்காணிப்புக் கேமராவின் படம் பிறகு போகும்படி செய்யலாம். மூன்றாவது, பிரித்து வைத்தல். கடைக்கு வருவோர் பயன்படுத்தும் வைஃபையும் நம் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே வழியில் இருக்கக் கூடாது. நான்காவது, கடைக்கும் கிடங்குக்கும் இடையே செல்லும் விவரங்களை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் வி.பி.என். வசதி.

இந்த வி.பி.என். வசதி 2900 வரிசையில் பெட்டியோடு இலவசமாக வருவதில்லை. பாதுகாப்பு உரிமம் தனியாக வேண்டும். விலை பேசும்போது உரிமம் உண்டா என்று கேளுங்கள்.

மலிவு விலை எச்சரிக்கை

2911 உள்ளிட்ட 2900 வரிசையின் விற்பனையைச் சிஸ்கோ 2017 டிசம்பரில் நிறுத்தியது. 2022 டிசம்பர் 31 உடன் அதற்கான ஆதரவும் முடிந்தது. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பதற்குத் திருத்தம் வராது. ஓடுகிறதே, மலிவாகக் கிடைக்கிறதே என்று இத்தகைய பழைய பெட்டியை இணையத்தின் வாசலில் வைப்பது, பூட்டு தேய்ந்த கதவை நம்பிக் கிடங்கை விட்டுப் போவதற்குச் சமம்.

இது வீண் அச்சமல்ல. சிஸ்கோ 2017-இல் அறிவித்துத் திருத்தமும் வெளியிட்ட ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, 2021-இல் திருத்தம் போடாத ரூட்டர்களுக்குள் ஊடுருவினார்கள் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் அரசு அமைப்புகள் 2023 ஏப்ரலில் கூட்டாக எச்சரித்தன. மருந்து வந்து நான்கு ஆண்டாகியும் போட்டுக் கொள்ளாதவர்களே மாட்டினார்கள்.

மிளகில் பப்பாளி விதை கலப்பது நமக்குத் தெரியும். ரூட்டரிலும் அப்படி உண்டு. பழைய, மட்டமான கருவிகளைப் புதிய உயர்ரகச் சிஸ்கோ கருவிகள் போல் மாற்றிச் சீனா, ஹாங்காங்கிலிருந்து தருவித்து விற்ற ஒருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2024 மே மாதத்தில் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஆகவே பில்லும், பெட்டியின் வரிசை எண்ணும், ஆதரவு எந்த ஆண்டு வரை என்ற விவரமும் எழுத்தில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பராமரிப்பு

1. தூசி: மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில் ரூட்டரை வைக்கக் கூடாது. காற்று போகும் துளைகள் அடைபட்டால் உள்ளே சூடேறும். மாதம் ஒருமுறை வெளிப்பக்கத் தூசியைத் தட்டி எடுங்கள்.

2. வெப்பம்: 2911 போன்ற கருவிகள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. தகரக் கூரையின் கீழுள்ள பரண் கோடையில் அதைத் தாண்டிவிடும். அங்கே வைக்காதீர்கள்.

3. மின்சாரம்: யு.பி.எஸ். வழியாகவே மின்சாரம் கொடுங்கள். எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். சிறிய அட்டையைக் கழற்றும்போதும் செருகும்போதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

4. எலி: மூட்டை உள்ள இடத்தில் எலி உண்டு. வயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டு செல்லுங்கள்.

5. பதிவு: ரூட்டரில் செய்யும் மாற்றம் முதலில் தற்காலிக நினைவில்தான் நிற்கும். சிட்டையில் குறித்ததைப் பேரேட்டில் ஏற்றுவது போல, அதை நிரந்தர நினைவில் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் மாற்றம் மறைந்துவிடும். வேலை முடித்துப் புறப்படும் பொறியாளரிடம் "சேமித்தாயிற்றா?" என்று கேளுங்கள். அமைப்பின் நகல் ஒன்றை வாங்கி உங்கள் பொறுப்பில் வையுங்கள். பெட்டி பழுதானாலும் அதே வகை வேறு பெட்டியில் அதை ஏற்றித் தொழிலைத் தொடரலாம்.

6. கடவுச்சொல்: கருவியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ரூட்டர் அருகே வந்து வயரைச் செருகக் கூடியவர், அதை அணைத்துப் போட்டுக் கடவுச்சொல்லையே மாற்றிவிட முடியும். எனவே பூட்டிய அலமாரி அவசியம். அதில் காற்றோட்டமும் இருக்கட்டும். பழைய ரூட்டரை விற்கும்போது உள்ளிருக்கும் அமைப்பை அழித்த பிறகே கொடுங்கள்.

7. ஒத்திகை: மாதம் ஒருநாள், கூட்டமில்லாத நேரத்தில், ஃபைபர் வயரைக் கழற்றிப் பாருங்கள். 4ஜி வழியாகப் பில் போகிறதா என்று தெரிந்துவிடும். தீபாவளி வாரத்தில் முதன்முதலாகச் சோதிக்கும் நிலை வரக் கூடாது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறவாதீர்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், மாற்றுக் கருவி தருவாரா, மென்பொருள் திருத்தம் போடுவது அவர் பொறுப்பா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைப்பதை நாம் தவறவிடுவதில்லை. ரூட்டருக்கும் அந்தக் கவனம் வேண்டும். முதல் வேலையாக, உங்கள் கடையில் உள்ள பெட்டியின் எண்ணைக் குறித்து, அதற்கு ஆதரவு எதுவரை என்று விற்றவரிடம் இவ்வாரமே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், பண்டிகைக் காலக் கொள்முதலுக்கு முன்பே மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.