புயலுக்குப் பின் எந்த விளக்கு முதலில் எரியும்?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. 'கஜா' புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் இருளில் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன.

பல மாவட்டங்களில் இருந்து மின்வாரிய ஊழியர்கள் விரைந்து வந்தனர். கேரளத்தில் இருந்தும் வந்தனர். சேற்றிலும் மழையிலும் நின்று கம்பம் நட்டனர். ஆயினும் பல கிராமங்கள் நாள் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

"பக்கத்துத் தெருவில் விளக்கு எரிகிறதே! இந்தத் தெரு மட்டும் என்ன பாவம் செய்தது?"

ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எழும் கேள்வி இது. இதற்கு விடை உண்டு.

மரமும் கிளையும்

மின்சாரம் வரும் வழி ஒரு மரம் போன்றது. உயரமான கோபுரங்களில் செல்லும் கம்பிகள் அடிமரம். துணை மின் நிலையம், கிளை பிரியும் இடம். அங்கிருந்து 11 ஆயிரம் வோல்ட் மின்சாரம் கிளைகளில் ஓடுகிறது. டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து வீடுகளுக்கு அனுப்புகிறது.

அடிமரம் முறிந்து கிடக்கும்போது இலையைச் சரி செய்து பயன் என்ன?

எது முதலில்?

முதல் வேலை, உயிர் காப்பது. அறுந்த கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள்.

அடுத்து, கோபுரக் கம்பிகளும் துணை மின் நிலையங்களும்.

பிறகு, ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் நிலையத்துக்கும் செல்லும் கம்பிகள்.

அதன்பின், எந்தப் பழுதை நீக்கினால் அதிக வீடுகளில் விளக்கு எரியுமோ, அந்த வேலை. ஒரே ஒரு வீட்டுக்குச் செல்லும் வயர் கடைசியில்தான்.

அடுத்தடுத்த இரண்டு தெருக்களுக்கு வேறு வேறு டிரான்ஸ்பார்மர் இருக்கலாம். ஒரு தெருவில் வெளிச்சம், மறு தெருவில் இருட்டு என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொடாதீர்கள்!

கீழே கிடக்கும் கம்பியைச் செத்த பாம்பு என்று எண்ண வேண்டாம். ஊரில் விளக்கு எரியாவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கலாம். ஈரத் தரையிலும் அது பாயும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரைத் தாறுமாறாக இணைப்பதும் ஆபத்து. அந்த மின்சாரம் பின்னோக்கி ஓடும். டிரான்ஸ்பார்மர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிர் போய்விடும்!

அறுந்த கம்பியைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். பிறரையும் நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் 94987 94987 என்ற 'மின்னகம்' எண்ணுக்குத் தகவல் கொடுங்கள். விளக்கு இன்று எரியாவிட்டால் நாளை எரியும். போன உயிர் வராது.