கண் பரிசோதனைக் கட்டணம் யார் பொறுப்பு?

கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே காட்சி உண்டாகிறது எனப் பண்டைய கிரேக்க அறிஞர் பலர் கருதி வந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று தக்க சோதனைகளால் விளக்கியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னு அல்ஹைதம் (965 – ஏறத்தாழ 1040) ஆவார். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலின் பெருமை நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுவதே. ஆனால் அதே கெய்ரோ மாநகரில் கண் தொடர்பான இன்னொரு வினாவுக்கும் விடை காணப்பட்டது என்பதை நாம் அத்துணை பேசுவதில்லை. கண்ணைச் சோதிக்கவும் குணப்படுத்தவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதே அவ்வினா.

மம்லூக் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு பெரிய மருத்துவமனையை நிறுவினார். செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி யாவரும் வரலாம். கண் நோயாளர்க்கெனத் தனிப் பகுதியும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் பணம் வந்தது வக்ஃபு செய்யப்பட்ட சொத்துகளின் வருவாயிலிருந்து. வாயிலில் நின்று நோயாளியிடம் ‘உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. அம்மருத்துவமனை இருந்த வளாகத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு கண் மருத்துவமனை எழுந்தது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

இனி, கண் பரிசோதனைக்கும் பிற மருத்துவச் செலவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். பல்வலி வந்தவன் கடன் வாங்கியாவது மருத்துவரிடம் ஓடுகிறான். வலியே அவனை இழுத்துச் செல்லும். கண்ணின் கொடிய நோய்கள் சில அவ்வாறு அழைப்பதில்லை. கண்நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவில் பெரும்பாலும் வலி இல்லை. பக்கப் பார்வை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கரைகிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடுகிறது. நோயாளி உணரும் வேளையில் பார்வை நரம்பு பெரிதும் சிதைந்திருக்கும். சிதைந்த நரம்பை மீட்க இன்றுவரை வழியில்லை. நீரிழிவால் விழித்திரை கெடுவதும் தொடக்கத்தில் தெரிவதில்லை. சிறுவர் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. கரும்பலகை எல்லோருக்கும் மங்கலாகவே தெரியும் என்று எண்ணிக்கொண்டு, மந்தன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தை எதையென்று முறையிடும்?

ஆகவே கண் பரிசோதனைக்கு விலை வைத்தால், அந்த விலை முதலில் திருப்பி அனுப்புவது தனக்கு நோய் இருப்பதை அறியாதவனையே. நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவதும் இதுவே. கூற்றுக்குச் சான்று வேண்டுவோர் பிரிட்டன் நாட்டின் அனுபவத்தை நோக்கலாம்.

அந்நாட்டில் 1948 ஜூலையில் தேசிய நலவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது கண் பரிசோதனையும் மூக்குக் கண்ணாடியும் இலவசமாயின. கடைகளில் விலை மலிந்த கண்ணாடிகளைத் தாமே போட்டுப் பார்த்து வாங்கி வந்த ஏழைகள் வெள்ளம்போல் வந்தனர். அரசு எதிர்பார்த்ததை மிஞ்சியது செலவு. கொரியப் போரையொட்டிப் படைச் செலவு பெருகிய 1951இல் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. அத்திட்டத்தைச் சுகாதார அமைச்சராக இருந்து உருவாக்கிய அனூரின் பெவன் அப்போது தொழில் அமைச்சர். இதனைப் பொறாமல் பதவி துறந்தார். ஒரு மூக்குக் கண்ணாடியின் விலைக்காக அமைச்சர் பதவியை விட்டவரைப் பற்றி எண்ணுகையில் நமக்கு வியப்பே மேலிடுகிறது.

ஆயினும் பரிசோதனை மட்டும் இலவசமாகவே நீடித்தது. 1989இல் அதற்கும் கட்டணம் வந்தது. சிறுவர், வருவாய் குறைந்தோர், நீரிழிவாளர், கிளாக்கோமா நோயாளர், அவர்களுடைய நாற்பது வயது கடந்த நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு விலக்களிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான் என்று தோன்றும். ஆனால் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு வேறு கதை கூறிற்று. கட்டணம் வந்தபின் பரிசோதனை வழியாக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோர் தொகை குறைந்தது. கண்டறியப்பட்ட கிளாக்கோமா நோயாளரும் குறைந்தனர். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. அறுபது வயது நிறைந்தோர்க்கு 1999இல் கட்டணம் நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்து 2006இல் யாவர்க்கும் கண் பரிசோதனையை இலவசமாக்கிற்று.

நம் நகரங்களில் கண்ணாடிக் கடைதோறும் ‘கண் பரிசோதனை இலவசம்’ என்ற பலகை தொங்குகிறதே, பின் என்ன குறை என்று சிலர் வினவலாம். அந்த இலவசத்தின் விலை சட்டத்தின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கடைக்காரரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கருவிக்கும் ஆளுக்கும் அவர் எங்கிருந்தாவது பணம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணாடி விற்பதற்கான சோதனை, கண்ணாடியின் அளவைக் கண்டதும் பெரும்பாலும் நின்றுவிடும். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்ப்பதும், கண்ணின் அழுத்தத்தை அளப்பதும் விற்பனைக்கு உதவாத வேலைகள். கிளாக்கோமா அங்கேதான் தப்பிவிடுகிறது.

தமிழகத்தில் இச்சிக்கலுக்கு உலகமே வந்து பார்த்துச் செல்லும் விடையொன்று மதுரையில் உருவாயிற்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடம் கிடைக்கும் மிகுதியைக் கொண்டு செலுத்த இயலாதோர்க்கு அறுவை செய்வது அங்குள்ள முறை. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒருவர் கத்தியைப் பிடித்து இதைச் சாதித்தார் என்பது நம் இளைஞர் அறிய வேண்டியது.

அத்தகைய இலவசமும் போதவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. தென்னிந்தியச் சிற்றூர்களில் ஆராய்ந்து 1999இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, கண்ணில் குறையுடையோருள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இலவச முகாமுக்கு வரவில்லை. அச்சம் ஒரு காரணம், வீட்டுப் பொறுப்பு மற்றொன்று, செலவு இன்னொன்று. இலவசத்துக்கு ஏது செலவு? பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கட்டணம், இருவரும் இழக்கும் ஒருநாட் கூலி. இதனையுணர்ந்தே 2004 முதல் சிற்றூர்களுக்கு அருகிலேயே சிறு பார்வை மையங்களை அம்மருத்துவமனை அமைத்து வருகிறது. பள்ளிச் சிறார்க்காகத் தமிழக அரசு 2009இல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தைத் தொடங்கிற்று. தெலங்கானா மாநிலம் 2018இல் ‘கண்டி வெலுகு’ என்னும் பெயரில் வயது வேறுபாடின்றி ஊர் ஊராகச் சென்று கண் பார்த்தது.

நடுவில் விடுபட்டுப்போகிறவர்கள் நாற்பதைக் கடந்த உழைக்கும் பெண்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுவோரையும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோரையும் நாம் அறிவோம். வெள்ளெழுத்து வந்துவிட்டால் நூலும் இலையும் மங்குகின்றன, கை தளர்கிறது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவளின் வருவாய் சுருங்குகிறது. வயதாகிவிட்டது என்று அவளும் வாளாவிருக்கிறாள். அஸ்ஸாமில் நாற்பது கடந்த தேயிலை பறிப்போர்க்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்து ஆராய்ந்தபோது, கண்ணாடி பெறாதோரைவிட அவர்கள் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாகப் பறித்தனர் என 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் தெரிவித்தது. ஓதுவதற்குக் குர்ஆனைக் கையிலெடுத்து, எழுத்து தெரியாமல் மூடிவைத்துவிடும் தாய்மாரின் இழப்பையோ எந்த ஆய்வும் அளக்க முடியாது.

எனவே நாம் கருதுவது இது: கண்ணாடிக்கு இயன்றவர் தாமே பணம் தரட்டும், பரிசோதனைக்கோ எவரிடமும் காசு கேட்கலாகாது. அரசே இதன் முதற்பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசின் கை நம் மஹல்லாவை எட்டும்வரை ஜமாஅத் காத்திருக்க வேண்டுமா?

இங்கே மார்க்க நுணுக்கம் ஒன்றுண்டு. ஜகாத் பெற உரியவர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுத்துள்ளது. மேலும் ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் பொருள் ஏழையின் கைக்கு உடைமையாகச் சேர வேண்டும். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் அது உடைமையாகிறது. பரிசோதகரின் ஊதியத்துக்குக் கொடுத்தால் ஆகுமா என்பதை ஆலிம் பெருமக்களே கூற வேண்டும். தவிர, சோதனைக்கு வருபவருள் செல்வர், வறியவர் இருசாராரும் இருப்பர். வாயிலிலேயே பிரித்து நிறுத்தினால் மானமுள்ள ஏழை வரமாட்டார். ஆதலால் பரிசோதனைச் செலவை வக்ஃபு வருவாயிலிருந்தும் சதகாவிலிருந்தும், ஏழையரின் கண்ணாடிச் செலவை ஜகாத்திலிருந்தும் எடுப்பது பொருந்தும் எனத் தோன்றுகிறது.

பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாக் கூடம், நல்ல வெளிச்சம், எழுத்துப் பலகை, பயிற்சி பெற்ற பரிசோதகர் ஒருவர், அருகிலுள்ள கண் மருத்துவமனையோடு முன்னரே செய்துகொண்ட ஏற்பாடு. ஆண்டுக்கு இருமுறை, பெண்கள் வேலை முடிந்து வரத்தக்க பிற்பகலில் நடத்த இவை போதும். மேற்சிகிச்சைக்கு அனுப்பப்படுவோரின் பேருந்துக் கட்டணத்தையும் துணைக்குச் செல்பவரின் ஒருநாட் கூலியையும் கணக்கேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.