இங்கிலீஷ் மீடியம் சர்டிபிகேட் போதாதா? வெளிநாட்டில் குடியேற மொழித்தேர்வு: ஆரணி பட்டதாரிகள் கவனிக்க வேண்டியவை

ஆரணி,

பட்டுத்தறி ஓடும் ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பகுதிகளில் என்ஜினீயரிங், நர்சிங் முடித்த பிள்ளைகள் இப்போது ஆஸ்திரேலியா, கனடா என்று விசா விவரம் தேடுகிறார்கள். அதற்கான முதல் நிபந்தனைகளில் ஒன்று, ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஆதாரம்.

"எல்.கே.ஜி.யில் இருந்தே நான் இங்கிலீஷ் மீடியம்தானே, அந்த சர்டிபிகேட் போதாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அது போதாது. இங்கிலாந்தில் மட்டும் வழி இருக்கிறது.

ஆஸ்திரேலியா

இங்கே பாயிண்ட் கணக்கு. பாயிண்ட் முறை விசா கேட்க குறைந்தது 65 பாயிண்ட் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மொழித்தேர்வில் விலக்கு கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதினால் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தலா 6 எடுத்தாக வேண்டும். அப்போதும் ஆங்கிலத்துக்குப் பாயிண்ட் பூஜ்யம்தான். தலா 7 எடுத்தால் 10 பாயிண்ட், தலா 8 எடுத்தால் 20 பாயிண்ட்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒருவர் மூன்று பகுதிகளில் 8, 8, 7 எடுத்து, எழுதுதலில் மட்டும் 6.5 எடுத்தால் மொத்த மதிப்பெண் 7.5 என்று வரும். பார்க்க அமோகமாக இருக்கும். ஆனால் ஒரு பகுதி 7-க்குக் கீழே போனதால் அந்த 10 பாயிண்ட் கிடைக்காது. பாவு நன்றாக இருந்தும் ஊடை சரியில்லை என்றால் சேலை தேறாது அல்லவா, அதே கதைதான்.

கனடா

பொதுவான தொழில்திறன் பிரிவில் ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெய்னிங் தேர்வில் நான்கிலும் தலா 6 தேவை. கல்லூரியில் சேர எழுதும் அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது. பி.டி.இ. தேர்விலும் 'கோர்' என்பதைத்தான் எழுத வேண்டும். தேர்வு முடிவு 2 ஆண்டுக்குள் இருக்கணும். ஆஸ்திரேலியாவுக்கு 3 ஆண்டு.

இங்கிலாந்து

திறன் தொழிலாளர் விசாவுக்கான ஆங்கிலத் தகுதி 2026 ஜனவரி 8 முதல் பி-1 நிலையில் இருந்து பி-2 நிலைக்கு உயர்த்தப்பட்டது. நம் ஊர் பட்டம் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது, அந்நாட்டுப் பட்டத்துக்குச் சமமானது என்று எக்டிஸ் நிறுவனம் உறுதி செய்தால் தேர்வு எழுத வேண்டாம். தேர்வு எழுதுபவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 'யு.கே.வி.ஐ.' வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனிஷியல் சிக்கல்

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே கொடுங்கள். மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று நம்மில் பலருக்கு உண்டு. முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது. தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுதணும். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் எழுதும் தேர்வை இந்த நாடுகள் ஏற்பதில்லை.

"மார்க் வாங்கித் தர்றோம்"

தேர்வே எழுத வேண்டாம், மார்க்குக்கு நாங்க கியாரண்டி என்று யாராவது சொன்னால் உஷார். 2022 ஏப்ரலில் கனடாவில் இருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்ற குஜராத் வாலிபர்கள் சிக்கினார்கள். கோர்ட்டில் நீதிபதியின் கேள்விக்கு அவர்களால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 முதல் 7 வரை மதிப்பெண் காட்டி மாணவர் விசாவில் கனடா போனவர்கள் அவர்கள். இதையடுத்து மெக்சானா போலீசார் தேர்வு மோசடி பற்றி விசாரணையில் இறங்கினார்கள்.

பொய் ஆவணம் கொடுத்து மாட்டினால் கனடா 5 ஆண்டு தடை விதிக்கும். ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 10 ஆண்டு வரை விசா மறுக்கப்படும். வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் அடகு வைத்துக் கட்டிய பணமும் திரும்பாது.

தேர்வுக்கு நேரடியாக நீங்களே பதிவு செய்யலாம், ஏஜெண்டு தேவையில்லை. விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு வேலை பற்றிக் கேட்க, 1978-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் செயல்பட்டு வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.