வைரக் குமிழின் விலை
(ஒலியைத் துரத்தியவர்கள் – 9)

ஆம்ப்ளிஃபையரில் இருந்து கம்பி வழியே ஸ்பீக்கருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பணக்காரர்களின் இசை அறையில் இடத்தையும் பணத்தையும் அதிகம் விழுங்குவது இந்தப் பெட்டிதான்.

இங்கிலாந்தின் தென்கரையில் வொர்திங் என்றொரு ஊர். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் 1966-ல் தொடங்கியது அங்கேதான். அவர்களுடைய உச்ச வரிசையின் அமெரிக்க விலைகளை அடுக்கிப் பாருங்கள். 2010-ல் 800 டயமண்ட், ஜோடி 24,000 டாலர். அடுத்து வந்த 800 டி3, 30,000. 2021-ல் 801 டி4, 35,000. அன்றைய கணக்கில் சுமார் 26 லட்சம் ரூபாய். பதினோரு வருடத்தில் 46 சதவீத ஏற்றம். அதே காலத்தில் அமெரிக்காவின் பொது விலைவாசி கூடியது ஏறக்குறைய கால் பங்கு மட்டுமே. நம் ஊருக்கு வந்தால் சுங்கவரியும் ஜிஎஸ்டியும் தனி.

உள்ளே சரக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்பீக்கரின் பெரிய எதிரி அதன் பெட்டிதான். கூம்பு அதிரும்போது மரமும் சேர்ந்து அதிர்ந்தால், பாடகர் பாடாத ஒரு சுரம் காதில் விழும். அதைத் தடுக்க ஒட்டுப்பலகையை அடுக்கடுக்காக வளைத்து அழுத்துகிறார்கள், உள்ளே உலோகச் சட்டம் கொடுக்கிறார்கள், தலைப்பகுதியை அலுமினியத்தில் வார்க்கிறார்கள். ஒரு ஸ்பீக்கரின் எடை 100 கிலோவைத் தொட்டுவிடுகிறது. உச்சியில் இருக்கும், மேல் சுரங்களுக்கான ட்வீட்டரின் குமிழ், வாயுவிலிருந்து படியவைத்து வளர்த்த செயற்கை வைரம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸில் கடையைச் சாத்திவிடும். வைரக் குமிழ் தடுமாறுவது 70,000 ஹெர்ட்ஸ் வாக்கில் என்கிறது நிறுவனம். கேட்காத உயரத்தில் தடுமாற்றத்தைத் தள்ளிவைத்தால் கேட்கும் பகுதி சுத்தமாக இருக்கும் என்பது வாதம். தப்பில்லை. ஆனால் 2010 மாடலிலேயே வைரம் இருந்தது. பிறகு ஏறிய விலைக்கு வைரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த காரணம் வேறு: வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 1970-களில் மேற்கத்திய நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறையில் ஸ்டீரியோ என்பது சோபா மாதிரி, இருந்தே ஆக வேண்டிய சாமான். அந்த இடத்தை இயர்போனும் புளூடூத் டப்பாவும் பிடித்துக்கொண்டன. அச்சு, இயந்திரம், ஆய்வுக்கூடம், பொறியாளர் சம்பளம் எதுவும் குறையவில்லை. அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஜோடிகளின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. வாரக்கணக்கில் ஒரு ஜோடியும் விற்காமல் ஒலியறைக்கு வாடகை கொடுக்கும் டீலரின் பங்கும் அதே விலைக்குள்தான் அடங்க வேண்டும். ஆக, நடுவில் இருந்தவரை விட்டுவிட்டு, விலை கேட்காமல் வாங்குபவரிடம் போகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வில்சன் ஆடியோ, மாஸ்டர் க்ரோனோசானிக் என்ற ஸ்பீக்கரை 70 ஜோடிதான் செய்வோம் என்று சொல்லி, ஜோடி 6,85,000 டாலர் விலை வைத்தது. 70 பேர் போதும் என்பது வியாபாரத் திட்டமாகவே ஆகிவிட்ட நிலை இது.

விலைச்சீட்டு ஏறுவதால் தொழில் கொழிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 2016-ல் ஒரு கலிஃபோர்னியக் கம்பெனிக்குப் போனது. 2020-ல் சவுண்ட் யுனைடெட் வாங்கியது. அந்த சவுண்ட் யுனைடெட்டையே 2022-ல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி செய்யும் மாசிமோ. அறிவிப்பு வந்த மறுநாளே அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2025-ல் டெனான், மராண்ட்ஸ் போன்ற மற்ற ஆடியோ பிராண்டுகள் உட்பட மொத்தத்தையும் 35 கோடி டாலருக்குக் கைகழுவினார்கள். வாங்கியது சாம்சங்கின் ஹார்மன்.

ஹார்மன் என்றால் ஒரு பழைய கதை உண்டு. 1994-ல் அங்கே ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் சொந்த ஊழியர்களை உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிய, பகட்டான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. மலிவான சிறுசுகளுக்கு இறங்கியது. திரைக்குப் பின்னால் வைத்ததும் இடைவெளி சுருங்கியது. ஸ்பீக்கர் செய்து சம்பளம் வாங்குகிறவர்களின் காதே கண் சொன்னதைக் கேட்டது!

அந்தக் கம்பெனியின் கையில்தான் இப்போது வொர்திங்கின் வைரக் குமிழ்கள். விலையை இறக்குவார்களா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி விலைக்கு ஒரு 801 வந்தால், என்ன குறைத்தார்கள் என்று முதலில் சந்தேகப்படுபவர் அதை வாங்கக் காத்திருந்தவராகத்தான் இருப்பார்.

அடுத்த வாரம், எதிர்த்திசையில் ஒரு கதை: ஒலிபரப்பு வேனுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டி, சேகரிப்பாளர்களின் கைக்குப் போனது எப்படி?

(தொடரும்)