தர்மபுரி ஜில்லா: நிலமும் நீரும் ஜனங்களும்

ஒரு ஜில்லாவின் விஸ்தீரணத்தையும் ஜனத்தொகையையும் இரண்டு எண்களாக எழுதிவிடுதல் எளிது. தர்மபுரி ஜில்லாவின் விஸ்தீரணம் சுமார் 4,498 சதுர கிலோமீட்டர். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அதில் வசிப்போர் 15,06,843 பேர். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 335 பேர் என்று ஏற்படுகிறது. தமிழ்நாட்டின் சராசரி 555 ஆகையால், இங்கே நிலம் தாராளமென்றும் ஜனநெருக்கம் இல்லையென்றும் வெளியூரார் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. ஜில்லாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் காடு. அக்காட்டை நீக்கிவிட்டு, எஞ்சிய நிலத்தைக் கொண்டு கணக்கிட்டால் சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வருகின்றனர். காவிரிப் பாசனமுள்ள சமவெளிகளுக்கு இது அதிகமாகாது. வானத்தை நம்பிய செம்மண் மேட்டுக்கு இது பெரும் பாரமேயாகும்.

பழைய கணக்குகளை ஒப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சேலம் ஜில்லாவினின்றும் தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி. அதினின்றும் 2004-ம் வருஷம் பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே 2004-க்கு முந்திய புத்தகங்களில் காணும் தர்மபுரி வேறு. இப்போதுள்ள தர்மபுரி வேறு. இதை மறந்து, ஜனத்தொகை திடீரென்று பாதியாகிவிட்டதென்று எழுதினவர்களும் இருக்கலாம்! இன்றுள்ள எல்லைக்குள் 2001-ல் 12,95,182 பேர் இருந்தனர். பத்து வருஷங்களில் இரண்டு லட்சத்துக்கு மேல் கூடியிருக்கின்றனர்.

பூர்வத்தில் இது தகடூர்; அதியமான் ஆண்ட நாடு. பின்னர் பாராமகால் என்று பெயர் பெற்றது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியாருக்குக் கைமாறிய பிறகு, ரீடு துரையும் அவருடைய உதவியாளரான மன்றோ துரையும் இங்கே நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான்.

மைசூர்ப் பீடபூமிக்கும் தெற்கேயுள்ள சேலம் சமவெளிக்கும் நடுவே இந்த ஜில்லா ஒரு படிக்கட்டைப் போல் அமைந்திருக்கிறது. மேற்கே பென்னாகரத்துக் காடுகள். கிழக்கே சித்தேரி மலை. தெற்கே தொப்பூர்க் கணவாய். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இப்பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தாரென்று நினைத்துவிடலாகாது. தமிழே இவர்கள் மொழி. சமவெளிக் கிராமங்களில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன.

காவிரி இந்த ஜில்லாவைத் தொட்டுக்கொண்டுதானே செல்கிறது, தண்ணீருக்கு என்ன குறை என்று கேட்கலாம். தொட்டுச் செல்வது மெய்யே. ஆனால் ஒகேனக்கல்லில் ஆறு ஓடும் மட்டம் தர்மபுரி, பென்னாகரம் மேட்டு நிலங்களைவிடச் சில நூறு அடி தாழ்வு. வாய்க்கால் வெட்டி அந்நீரை மேலே ஏற்ற வழியில்லை. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் அது தேங்கித் தஞ்சைக்குப் போய்ச் சேருகிறது. கிழக்குப் பக்கம் தென்பெண்ணை, இருமத்தூர் வழியாக ஓடி வெளியேறுகிறது. சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு முதலியவை மழை பெய்தால் ஓடும் ஆறுகள். அவற்றின் அணைகள் பயன்படுவன, ஆனால் சிறியன. ஆகவே பெரும்பாலான குடியானவர்களுக்கு ராகி, சாமை, நிலக்கடலை, மரவள்ளி ஆகியவற்றுடன் கிணறே கதி. பாலக்கோட்டுத் தக்காளியும் மாந்தோப்புகளும் கிணற்று நீரால் விளைந்த செல்வமே.

இனித்தான் முக்கியமான விஷயம். இப்பிரதேசத்துப் பாறைகளில் புளோரைடு என்னும் உப்பு கலந்திருக்கிறது. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்குந்தோறும் அவ்வுப்பு நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் கெடுதலில்லை. வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 வரை அனுமதிப்பார்கள். அதற்கு மேற்பட்டால், வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பல வருஷம் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிக் குனியவும் நிமிரவும் முடியாமற் போகும். அந்த நீர் பார்வைக்குத் தெளிவாகவும் நாவுக்கு ருசியாகவுமே இருக்கும். காய்ச்சினால் சரியாகுமென்று பலர் நம்புகின்றனர். கிருமியைத்தான் காய்ச்சுதல் கொல்லும். நீர் வற்ற வற்ற புளோரைடின் அளவு அதிகப்படவே செய்யும்.

இதற்குப் பரிகாரமாகவே, தாழ ஓடும் காவிரியை இயந்திர பலத்தால் மேலேற்றும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொதுவான இத்திட்டத்துக்கு ஜப்பானியக் கடனுதவி பெற்று, 2008-ல் அஸ்திவாரமிட்டு, 2013 மே மாதத்தில் தொடங்கிவைத்தார்கள். இது மிகப் பெரிய உபகாரமே. எனினும் எந்த ஊர்த் தொட்டியில் ஆற்று நீர் போதாமல் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கலக்கிறார்களோ, அந்த ஊரில் பலன் பாதியாகிவிடும். தங்கள் தொட்டிக்குள் எந்த நீர், எவ்வளவு வருகிறதென்று விசாரித்து அறிவதற்குக் கிராமத்தாருக்குப் பூரண உரிமையுண்டு.

ஜனங்களைப் பற்றிய மற்ற எண்களும் நிம்மதி தருவன அல்ல. 2011-ல் நூற்றுக்கு 17 பேரே நகரவாசிகள். எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 68.5, அவ்வருஷம் தமிழ்நாட்டு ஜில்லாக்களில் இதுவே கடைசி. பெண்களில் எழுத்தறிந்தோர் 60-க்கும் சற்றுக் குறைவு. இதனினும் கொடியதொன்று: 2001-ல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 826 பெண்களே இருந்தனர். இயற்கையில் இப்படிக் குறைவதில்லை. பிறக்குமுன்னும் பிறந்தபின்னும் பெண் குழந்தைகளை மனிதர் அழித்ததன் கணக்கு அது. சேலத்தில் 1992-ல் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் இங்கும் விஸ்தரித்தனர். 2011-ல் அவ்வெண் 910-ஐத் தாண்டியது. தாண்டியது போதுமென்று சொல்ல மனம் வரவில்லை.

கடைசியாக, ஊரில் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை தவறிய வருஷங்களில் இளைஞர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போய்விடுகின்றனர். 2011-ல் கணக்கெடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. மானாவாரி நிலம் வெறுமையாய்க் கிடக்கும் காலம் அது. அந்நாட்கள் முழுவதும் வெளியே இருந்தவனை, இருந்த இடத்திலேயே எண்ணுவது கணக்கின் விதி. எனவே 15,06,843 என்ற தொகையில், வீட்டைப் பூட்டிவிட்டுப் போன அநேகர் சேர்ந்திருக்க மாட்டார்கள். நிலமும் ரேஷன் கார்டும் மட்டும் அவர்கள் பெயரில் ஊரில் இருக்கும்.