மனிதர் கையில் வளரும் பாண்டா

கறுப்பும் வெள்ளையும் கலந்த மேனியும், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற வட்டமும் கொண்ட பாண்டாவைப் படத்திலேனும் காணாத சிறுவர் இன்று நம் தோட்டங்களில் இல்லை எனலாம். 2014 முதல் 2025 வரை பதினோர் ஆண்டுகள் அவ்விலங்கு நம் நாட்டிலேயே வாழ்ந்தது. மூன்று குட்டிகளையும் ஈன்றது. காட்டைக் காணாமல் மனிதர் கையிலேயே பிறந்து வளரும் பாண்டாவின் வாழ்க்கை எத்தகையது? அதற்காக இத்தனை பொருளும் உழைப்பும் செலவிடப்படுவது ஏன்? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

குளிர்மலையின் குடிமகன்

கேமரன் மலையில், கோலா தெர்லாப் பகுதியில் கொழுந்து பறிப்போருக்கு விடியற்குளிரும் மலைச்சரிவில் தவழும் மூடுபனியும் புதியவை அல்ல. பாண்டாவின் தாயகமும் இவ்வாறே குளிர்ந்த மலைநாடுதான். சீனாவின் சிச்சுவான், ஷான்சி, கான்சு ஆகிய மாநிலங்களில் மூங்கில் அடர்ந்த உயர்ந்த மலைக்காடுகளில் அது வாழ்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனி உறைந்து கிடக்கும். ரப்பர் மரம் செழிக்கும் நம் தாழ்நிலத்தின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. ஆகவே கோலாலம்பூரை அடுத்த தேசிய மிருகக்காட்சிச்சாலையில் பாண்டாக்களுக்கெனக் குளிரூட்டப்பட்ட தனி இல்லம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி செலவாயிற்று.

மலேசியாவும் சீனாவும் 1974ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் அரசதந்திர உறவு கொண்டன. அவ்வுறவின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2014 மே 21ஆம் நாள் இரு பாண்டாக்கள் இங்கு வந்து சேர்ந்தன. ஆணின் பெயர் ஃபூ வா. பெண்ணின் பெயர் ஃபெங் யீ. இரண்டுமே 2006இல் சீனாவின் வோலோங் ஆய்வு நிலையத்தில் மனிதர் பராமரிப்பில் பிறந்தவை. இங்கு அவற்றிற்குச் சிங் சிங், லியாங் லியாங் என்னும் பெயர்கள் சூட்டப்பட்டன. அவை நமக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டவை அல்ல. பத்தாண்டு ஒப்பந்தத்தின்படி இரவலாகத் தரப்பட்டவை. இங்கே பிறக்கும் குட்டிகளும் சீனாவிற்கே உரியவை என்பது ஒப்பந்தத்தின் விதி.

நாளெல்லாம் உணவு

பாண்டா கரடி இனத்தைச் சேர்ந்தது. அதன் குடல் இறைச்சி உண்ணும் விலங்குகளின் குடலைப் போலவே குறுகியது. ஆயினும் அது உண்பதோ மூங்கில். இக்காரணத்தால் உண்ட மூங்கிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே செரிக்கிறது, எஞ்சியது கழிவாகிறது. பசியை ஈடுகட்ட நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக அது உண்டுகொண்டே இருக்க வேண்டியுள்ளது. பன்னிரண்டு கிலோ முதல் முப்பது கிலோவுக்கு மேலும் மூங்கில் ஒரே நாளில் தீர்ந்துவிடும். மூங்கில் தண்டைப் பற்றுவதற்கு வசதியாக, மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு ஆறாம் விரல் போல அதற்கு அமைந்துள்ளது.

காட்டுப் பாண்டா தன் மூங்கிலைத் தானே தேடிக்கொள்ளும். கூண்டுப் பாண்டாவிற்கோ ஒவ்வொரு கட்டையும் மனிதரே வெட்டிச் சுமந்து வர வேண்டும். வாடிய இலையை அது முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடும். ஆகையால் நாள்தோறும் புதிய மூங்கில் தேவை. விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்லும் நம் தொழிலாளர், இப்பணியின் அருமையை எளிதில் உணர்வர். மழை பெய்தாலும் விடுமுறை நாளாயினும் பாண்டாவின் பசிக்கு ஓய்வு இல்லை.

உள்ளங்கை அளவு குழந்தை

பாண்டாவின் இனப்பெருக்கம் மிகவும் கடினமானது. பெண் பாண்டா ஆண்டில் ஒரே ஒரு முறைதான் கருவுறும் நிலையை அடையும். அதுவும் ஓரிரு நாள், மிஞ்சினால் மூன்று நாள் மட்டுமே நீடிக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். கூண்டில் பாண்டா ஈன்ற முதற் குட்டி 1963ஆம் ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங் மிருகக்காட்சிச்சாலையில் பிறந்த மிங் மிங் ஆகும். செயற்கைக் கருவூட்டலால் முதற் குட்டி பிறந்தது 1978இல்.

பிறக்கும் குட்டியின் எடை ஏறத்தாழ நூறு கிராமே. தாயின் எடையில் இது தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. இளஞ்சிவப்பு நிறத்தில், கண் திறவாமல், மனிதரின் உள்ளங்கையில் அடங்கும் அளவில் அது இருக்கும். கறுப்பு வெள்ளை நிறம் சில வாரங்களிற் படியும். கண் திறக்க ஆறு வாரங்களுக்கு மேலாகும். தாய் அதனைக் கையிலிருந்து கீழே விடாமல் முதற் சில நாள்கள் உணவையும் மறந்து காத்திருக்கும்.

இரட்டைக் குட்டிகள் பிறந்தால் தாய் ஒன்றை மட்டுமே வளர்க்கும், மற்றொன்றைக் கைவிட்டுவிடும். கூண்டில் வளர்ப்போர் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரு குட்டி தாயிடம் இருக்கும்போது மற்றதை வெப்பப் பெட்டியில் வைத்துப் பராமரித்து, உரிய நேரத்தில் தாய் அறியாமல் மாற்றி வைக்கின்றனர். தாய் வேலைக்காட்டில் இருக்கையில் குழந்தையைத் தாங்கிக்கொள்ளும் ஆயாக்கொட்டகை போல, இரண்டு குட்டிகளுக்கும் தாய்ப்பாலும் கிடைக்கிறது. இரண்டு உயிர்களும் பிழைக்கின்றன.

நம் நாட்டில் லியாங் லியாங் ஈன்ற மூன்றும் பெண் குட்டிகளே. மூத்தவள் நுவான் நுவான் 2015 ஆகஸ்டில் பிறந்து, 2017 நவம்பரில் சீனா சென்றாள். இரண்டாமவள் யீ யீ 2018 ஜனவரியில் பிறந்தாள். இளையவள் ஷெங் யீ பிறந்தது 2021 மே 31. இரு நாடுகளும் உறவு கொண்ட அதே நாள். இவ்விருவரும் 2023 ஆகஸ்டில் அனுப்பப்பட்டனர். இறுதியாகத் தாயும் தந்தையும் 2025 மே மாதத்தில் தாயகம் திரும்பினர்.

கூண்டு தருவதும் எடுப்பதும்

காட்டில் பாண்டா பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வாழும். கூண்டில் முப்பது ஆண்டுகளையும் கடப்பதுண்டு. ஹாங்காங்கில் வாழ்ந்த ஜியா ஜியா என்னும் பெண் பாண்டா 38 வயது வரை வாழ்ந்து 2016இல் மறைந்தது. மருத்துவமும் நேரத்திற்கு உணவும் தந்த பயன் இது.

ஆயினும் கூண்டு ஒன்றைத் தருவதில்லை, அதுவே காட்டறிவு. பகையை முகர்ந்தறிதல், தன் எல்லையைக் காத்தல், மூங்கில் உள்ள சரிவைத் தேடிச் செல்லுதல் ஆகியவற்றைத் தாயிடமும் காட்டிடமும்தான் கற்க முடியும். 2006இல் சியாங் சியாங் என்னும் கூண்டுப் பாண்டா காட்டில் விடப்பட்டது. ஓராண்டு நிறையும் முன்னரே, காட்டுப் பாண்டாக்களோடு ஏற்பட்ட போராட்டத்தின் பின் அது இறந்து கிடந்தது. தவற்றை உணர்ந்த ஆய்வாளர்கள் முறையை மாற்றினர். குட்டிகளைத் தாயோடு வேலியிட்ட காட்டிலேயே வளர்த்தனர்; மனித முகம் பழகிவிடக் கூடாது என்பதற்காகப் பணியாளர்கள் பாண்டா உடை அணிந்து நெருங்கினர். அவ்வாறு வளர்ந்த தாவ் தாவ் 2012இல் காட்டில் விடப்பட்டுப் பிழைத்துக்கொண்டது.

இன்று உலகில் எழுநூறுக்கும் மேற்பட்ட பாண்டாக்கள் மனிதர் பராமரிப்பில் உள்ளன. காட்டில் 1,864 இருப்பதாக 2015இல் வெளியான கணக்கெடுப்பு கூறியது. ஆனால் காட்டு எண்ணிக்கை பெருகியதற்கு முதன்மைக் காரணம் கூண்டு அன்று. வேட்டையைத் தடுத்ததும், காடழிப்பை நிறுத்தியதும், சிதறிய காடுகளை இணைத்ததுமே. அழிவின் விளிம்பிலிருந்த விலங்கு என்னும் நிலையிலிருந்து பாண்டா 2016இல் ஒரு படி முன்னேறியது. 2021இல் பெரும் பரப்பில் பாண்டா தேசியப் பூங்காவும் அங்கு அமைக்கப்பட்டது.

நமக்குரிய பாடம்

விருந்தாளி விலங்கிற்காக நாம் இவ்வளவு செய்தோம். நம் வீட்டு விலங்கின் நிலை என்ன? 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, தீபகற்பத்தின் காடுகளில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. பகாங்கின் காடுகளும் அவற்றின் இல்லமே. புலியையும் கூண்டில் ஈனச் செய்யலாம். காடு இல்லாமற் போனால் அக்குட்டியைக் கொண்டுசென்று விட இடம் இராது.

தோட்டத்தின் ஓரத்தில் தொடங்குவது காடு. பன்றிக்கென வைக்கும் கம்பிக் கண்ணியில் புலியும் சிக்குகிறது, மானும் சிக்குகிறது. கண்ணி வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நாம் அறிவோம். எனவே காட்டோரத்தில் கண்ணியைக் கண்டால் வனவிலங்குத் துறைக்கு உடனே தெரிவிப்போம். நாம் வைக்காமலும், பிறர் வைக்க விடாமலும் இருப்போம். பிள்ளைகளுக்குப் பாண்டாவின் படத்தைக் காட்டும்போது இதனையும் சேர்த்துச் சொல்வோம்: உயிரைக் காக்கக் கூண்டு ஓரளவு உதவும், அவ்வுயிர் வாழக் காடு வேண்டும்.